பராமரிப்பு தேவையில்லை என்னும் பொய்

ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ (1974) நூலை வாசித்தவர்களுக்குக் கதைசொல்லியின் நண்பர் ஜான் நினைவிருப்பார். அவருடைய வண்டியின் கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டில் ஒரு துண்டை வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. இந்தக் காட்சியில் நான் நெடுநாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கதைசொல்லியின் வண்டி சங்கிலியால் ஓடுவது, ஜானின் பி.எம்.டபிள்யூ, தண்டின் வழியே சக்கரத்தைச் சுழற்றுவது. சங்கிலி வைத்திருப்பவன் அடிக்கடி அதன்முன் குனிந்தாக வேண்டும், எண்ணெயிட வேண்டும், தொய்வை அளக்க வேண்டும். தண்டு வண்டிக்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குனியாமலிருக்கக் கிடைத்த சலுகை நாளடைவில் குனிய மறுக்கும் மனநிலையாகிவிடுகிறது என்பது என் கருத்து. ஜானைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் ஜானாகத்தான் இருந்தேன்.

தண்டு புதிய சரக்கல்ல. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905-இலேயே தன் நான்கு உருளை வண்டியில் அதைப் பொருத்தியது. 1923-இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த ஆர் 32, அதைப் பி.எம்.டபிள்யூ வண்டிகளின் அடையாளமாகவே ஆக்கியது. சங்கிலி வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் கிடந்து தேய்கிறது. தண்டோ குழாய்க்குள் மறைந்து சுழல்கிறது. அதன் இறுதியில் சிறு பற்சக்கரம் ஒன்றும் பெரிய பற்சக்கரம் ஒன்றும் எண்ணெயில் மூழ்கியபடி சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. மறைந்திருப்பதால் தூய்மை; மறைந்திருப்பதாலேயே மறதி. விற்பவர்கள் இந்த மறதிக்குச் சூட்டிய பெயர்தான் ‘பராமரிப்பு தேவையில்லை’.

என்னுடையது இருபது வயதைக் கடந்த வண்டி. சென்ற ஆண்டு அது பேசத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்து மறுபடி முறுக்கும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு தட்டல். சில வாரங்களில் அதனோடு மெல்லிய கடகடப்பும் சேர்ந்துகொண்டது. பணிமனைக்குக் கொண்டுபோனேன். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரில் போட்டு ஓடவிட்டு, ஒரு நிமிடம் காது கொடுத்தார்கள். பின்பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை, வண்டியின் விலையில் பாதியைத் தொட்டது. வண்டியைக் கைவிடுவதா காப்பதா என்ற கேள்வி அந்த ஒரு நிமிடக் கேட்டலில் தொங்கியது.

அந்தக் கேட்டலில் ஒரு பிழை இருந்தது. நடுத்தாங்கியில் நிற்கும்போது பின்சக்கரம் தொங்குகிறது. தண்டின் வளைவு மூட்டு, சாலையில் ஓடும்போது இருப்பதைவிடக் கூடுதலான கோணத்தில் மடங்குகிறது. ஒற்றை மூட்டு வளைந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். கோணம் கூடக்கூடத் தயக்கமும் கூடும். ஆகவே நலமான வண்டியும் தாங்கியின்மேல் தட்டும். அவர்கள் கேட்டது தாங்கியின் ஓசை. என் புகார் சாலையின் ஓசை.

ஓசையை வாசிப்பதற்கு ஒழுங்கு உண்டு. எப்போது வருகிறது, எப்போது நின்றுபோகிறது என்பதுதான் முதல் கேள்வி. கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக உருளவிடும்போதும் உறுமல் தொடர்ந்தால் சக்கரம், டயர், பேரிங் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வளைவில் சாயும்போது உறுமல் மாறினால் பேரிங்மீது சந்தேகம் வலுக்கும். ஒழுங்கற்றுத் தேய்ந்த டயர் பேரிங்கின் குரலில் பொய் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. முறுக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளையிட்டால் பின்பெட்டியின் பற்கள். மெதுவாகப் போகையில் தாளம் தப்பாத சொடுக்கு என்றால் வளைவு மூட்டு. விசை மாறும் கணத்தில் மட்டும் தட்டினால் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது.

என் வண்டி உருளும்போது மௌனமாக இருந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், அசைவில்லை. பெட்டியின் எண்ணெயை வடித்தேன். கால் லிட்டர் அளவுதான் இருக்கும். திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை சற்று ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். உலோகச் செதில்கள் இருந்திருந்தால் கதை வேறு. வண்டியைக் கியரில் வைத்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். ஓரளவு இடைவெளி எல்லா வண்டிக்கும் உண்டு, இது அதிகம். பின்பெட்டியைக் கழற்றியபோது தண்டும் பெட்டியும் இணையும் இடத்திலிருந்து செந்நிறப் பொடி உதிர்ந்தது. மசகு வற்றிய இடத்தில் இரும்பு இரும்போடு நுண்ணிதாக உராய்ந்து துருவாகும்போது உதிரும் பொடி அது. தண்டின் முனைப் பற்கள் கத்திபோல் கூர்ந்திருந்தன. பெட்டிப் பக்கத்துப் பற்கள் தப்பியிருந்தன. மூட்டு இருதிசையிலும் தடையின்றி மடங்கியது.

தேய்ந்த பல்லுக்கு மசகு மருந்தல்ல. போன உலோகம் திரும்பாது. தண்டையும் இணைப்புக் குழலையும் மாற்றி, மாலிப்டினம் கலந்த பசையைத் தடவிப் பூட்டினேன். பெட்டியின் விலையில் சிறு பங்குதான் செலவு. தட்டல் நின்றது.

பணிமனையைக் குற்றவாளியாக்குவது எளிது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் செலவிட்ட இரண்டு விடுமுறை நாட்களை அவர்கள் கூலிக் கணக்கில் எழுதினால் நானே மறுத்திருப்பேன். பின்பெட்டியின் பேரிங்கைத் தவறாக மன்னித்துவிட்டால், ஓட்டத்தில் சக்கரமே இறுகிப்போகலாம். அந்த அச்சத்தில் அனைத்தையும் மாற்றச் சொல்வது முழுக்கப் பேராசையல்ல. எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரிக்கலாம் என்றும் நான் வாதிடவில்லை. பெட்டிக்குள்ளிருக்கும் இரு பற்சக்கரங்களும் இணையாகவே பிறந்தவை. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. அவற்றின் இடைவெளியை மெல்லிய தகடுகளால் சரிசெய்ய அளவுகருவியும் பழகிய கையும் வேண்டும். அந்த வாசலில் நான் நின்றுவிடுவேன்.

என் வாதம் ஒன்றுதான். மாற்றுவதற்குமுன் அறிய வேண்டும். அறியாமல் மாற்றப்பட்ட பாகம் ஓசையைப் போக்கலாம், காரணத்தைப் போக்காது. என் வண்டியில் பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால், கூர்ந்த பற்கள் புதிய பெட்டியின் பற்களையும் தின்றிருக்கும். காரணமோ இரும்பில் இல்லை. அந்த இணைப்பில் பசை தடவ வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கையேடு என் புத்தக அலமாரியில் பிர்சிக்குக்கு இரண்டு நூல்கள் தள்ளி இருந்தது. பிர்சிக்கை மூன்று முறை வாசித்திருக்கிறேன். கையேட்டை ஒருமுறையும் திறந்ததில்லை.

இப்போது பின் டயர் மாற்றும்போதெல்லாம் அந்த இணைப்பையும் பிரித்துப் பசை தடவுகிறேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்து வைக்கிறேன். இதுவரை இரண்டு தேதிகள்.