திறக்காத பெட்டிக்குள் என்ன விளையாட்டு?

குட்டீஸ்... உங்களிடம் ஒரு கேள்வி. பிறந்த நாளுக்கு மாமா உங்களுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கித் தருகிறார். அம்மாவோ அதன் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, 'தொடாதே! முப்பது வருஷம் கழித்து நல்ல விலைக்குப் போகும்' என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? அழுகை வருமா, வராதா?

சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட இதே கூத்து அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. 2021-ம் ஆண்டு ஜூலை மாதம், 'சூப்பர் மரியோ 64' என்ற வீடியோ கேம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. அது 1996-ல் வெளியான கேம். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ஏலத்தில் போன விலை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர்! அன்றைக்கு நம் பணத்தில் பதினோரு கோடி ரூபாய்க்கு மேல். அடேங்கப்பா! அடுத்த மாதமே, பிரிக்காத 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்று 20 லட்சம் டாலருக்கு விலைபோய், அதையும் முந்திவிட்டது.

இவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் அதை விளையாடிப் பார்ப்பார்களா? எங்கே! பிரித்தால்தான் விலை இறங்கிவிடுமே!

பழைய வீடியோ கேம் சேர்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தபால்தலை சேர்ப்பது, நாணயம் சேர்ப்பது போல அதுவும் அருமையான பொழுதுபோக்குதான். ஆனால் எதற்காகச் சேர்க்கிறோம் என்பது முக்கியம் இல்லையா? இன்டர்நெட்டில் 'கிளிக்' செய்து பொருள் வாங்கும் வசதி வருவதற்கு முன்னால், வெளிநாட்டு கேம்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால், இந்தக் கோடிகளெல்லாம் உங்களுக்கு வேடிக்கையாகத் தெரியும்.

வாருங்கள், 1990-களின் தொடக்கத்தில் இருந்த இங்கிலாந்துக்குப் போவோம்.

அந்தக் காலத்தில் புது வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் ஜப்பான்தான். நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் ஃபாமிகாம்' என்ற கேம் கருவியை 1990 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டி.வி.யில் பொருத்தி, கேசட்டைச் செருகி விளையாடும் கருவி அது. அதே கருவி 'சூப்பர் நின்டெண்டோ' என்ற பெயரில் இங்கிலாந்துக் கடைக்கு வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? 1992 ஏப்ரலில்! ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

சில கேம்கள் அப்படித் தாமதமாகக்கூட வரவில்லை. 'இதை வெளிநாட்டில் யார் வாங்குவார்கள்? இவ்வளவு வசனத்தையும் யார் மொழிபெயர்ப்பது?' என்று கம்பெனிக்காரர்கள் விட்டுவிடுவார்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற கேமின் நான்காவது பாகத்தை 1991-ல் அமெரிக்காவில் 'இரண்டு' என்று பெயர் மாற்றி விற்றார்கள். 1994-ல் வந்த ஆறாவது பாகத்துக்கு அங்கே 'மூன்று' என்று பெயர்! நடுவில் இருந்த பாகங்கள் காணவே காணோம். விஷயம் தெரிந்த சிறுவர்கள் சும்மா இருப்பார்களா? 'காணாமல்போன பாகங்கள் எனக்கு வேண்டும்' என்று கிளம்பிவிட்டார்கள்.

எங்கே போய்த் தேடுவது? பத்திரிகையில்தான். இங்கிலாந்தில் 1992 முதல் 1996 வரை 'சூப்பர் ப்ளே' என்று ஒரு மாத இதழ் வந்தது. ஜப்பானியப் படக்கதை பாணியில் அட்டைப்படம், உள்ளே ஜப்பான் கேம்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவரம். இது போன்ற இதழ்களின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் விளம்பரங்கள் இருக்கும். ஜப்பானிலிருந்து கேம் தருவித்து விற்கும் சின்னச் சின்னக் கடைகளின் விளம்பரங்கள். போன் செய்து 'இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். பிறகு செக் அனுப்ப வேண்டும். அப்புறம் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே தவம்!

பார்சல் வந்ததும் விளையாடிவிடலாம் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. இனிமேல்தான் கூத்தே!

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கிலாந்தில் 240. ஜப்பான் கருவியை அப்படியே செருகினால் புகைதான் வரும். அதனால் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும்.

'சரி, உள்ளூர்க் கருவியிலேயே ஜப்பான் கேசட்டைப் போட்டால்?' என்று கேட்கும் புத்திசாலிகளே, அதற்கும் பூட்டு போட்டிருந்தார்கள். கருவிக்குள் ஒரு சிப். கேசட்டுக்குள் ஒரு சிப். இரண்டும் பேசிக்கொள்ளும். 'நீ எந்த ஊர்?' என்று கருவி கேட்டு, கேசட் சரியான பதில் சொன்னால்தான் கேம் ஓடும். இல்லையென்றால் திரை கறுப்பாகவே நிற்கும். இதை ஏமாற்ற ஒரு அடாப்டர் விற்றார்கள். அதில் ஜப்பான் கேசட்டையும் உள்ளூர் கேசட் ஒன்றையும் சேர்த்துச் செருக வேண்டும். கேள்விக்கு உள்ளூர் கேசட் பதில் சொல்லும். விளையாட்டை ஜப்பான் கேசட் காட்டும். பரீட்சையில் ஆள்மாறாட்டம் போல!

அமெரிக்காவில் கருவியின் வடிவமே வேறு. கேசட் செருகும் வாய்க்குள் இரண்டு பிளாஸ்டிக் முளைகள் வைத்திருந்தார்கள். ஜப்பான் கேசட் அதில் முட்டிக்கொள்ளும். 'அவ்வளவுதானா?' என்று கட்டிங் பிளேயரை எடுத்து முளைகளை உடைத்துப்போட்டவர்கள் ஏராளம். (நீங்கள் அப்பாவின் பிளேயரைத் தேட வேண்டாம், ப்ளீஸ்!)

இவ்வளவு கஷ்டம் எதற்கு, காத்திருந்து உள்ளூர் கேசட்டையே வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். ஜப்பான், அமெரிக்க டி.வி.க்கள் ஒரு வினாடிக்கு 60 முறை படம் காட்டின. ஐரோப்பிய டி.வி.க்கள் 50 முறைதான். நம் ஊர் டி.வி.யும் அப்போது 50 தான். கேமை அதற்கு ஏற்றபடி சரிசெய்யாமல் அப்படியே விற்றால் என்ன ஆகும்? வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 1991-ல் வந்த 'சோனிக்' கேமில் நீல முள்ளெலி மின்னலாக ஓடும் அல்லவா? ஐரோப்பாவில் அது கொஞ்சம் நிதானமாகத்தான் ஓடியது. பாட்டுகூட இழுவையாகக் கேட்டது. ஜப்பான் கேசட்டுக்கு ஏன் அப்படி அலைந்தார்கள் என்று புரிகிறதா?

எல்லாப் பூட்டையும் திறந்தாயிற்று. கேம் ஓடுகிறது. திரை முழுக்க ஜப்பானிய எழுத்து! கட்டம் கட்டமாக, கோடு கோடாக... ஒன்றும் புரியாது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சண்டை கேம் என்றால் மொழி தேவையில்லை. குத்துவதற்கு எதற்கு இலக்கணம்? ஆனால் கதை கேமில் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேச வேண்டும். ஒருவர் ஏதோ கேட்பார். கீழே இரண்டு பதில் இருக்கும். எது 'ஆமாம்', எது 'இல்லை'? அழுத்திப் பார்த்து, தப்பாகி, மறுபடி அழுத்தி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். 'ஹாய்' என்றால் ஜப்பானில் வணக்கம் இல்லை குட்டீஸ், 'ஆமாம்' என்று அர்த்தம்! இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, அகராதி வாங்கி, கடைசியில் ஜப்பானிய மொழியையே படித்தவர்கள் உண்டு.

அப்படிப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 'செய்கென் டென்செட்சு 3' என்ற கேம் 1995-ல் ஜப்பானில் வந்தது. கம்பெனி அதை ஆங்கிலத்தில் கொண்டுவரவில்லை. 2000-ல் ரசிகர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்துவிட்டார்கள், சம்பளம் இல்லாமல்! கம்பெனியே ஆங்கிலத்தில் வெளியிட்டது 2019-ல்தான். இருபத்து நாலு வருஷம் கழித்து!

இதைக் கேட்டுவிட்டு, 'ஹூம்... அந்தக் காலம் போல வருமா!' என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் கட்சியில் நான் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு ஜப்பான் கேசட் வாங்க வசதியான வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரிகையில் படத்தைப் பார்த்து ஏங்கியதோடு சரி. பணத்தை வாங்கிக்கொண்டு கேசட் அனுப்பாமல் காணாமல்போன விற்பனையாளர்களும் இருந்தார்கள். கிராமத்தில் இருக்கும் பிள்ளைக்கு நகரத்துக் கடை எட்டவே எட்டாது.

அதனால் 1995-ல் அமெரிக்காவில் 'ஈபே' தொடங்கியபோதும், 1999-ல் ஜப்பானில் 'யாஹூ' ஏலத் தளம் வந்தபோதும் உலகம் முழுக்கக் கேம் பிரியர்கள் துள்ளிக் குதித்ததில் ஆச்சரியம் இல்லை. டோக்கியோவில் ஒரு வீட்டு அலமாரியில் கிடந்த கேசட்டை, லண்டனில் உட்கார்ந்துகொண்டே வாங்க முடிந்தது. நல்ல விஷயம்தான்!

ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. எந்தக் கேசட் என்ன விலை என்று எல்லாருக்கும் ஒரு நொடியில் தெரிந்தது. 'இந்த கேம் எப்படி இருக்கும்?' என்று கேட்டவர்கள், 'இந்த கேம் என்ன விலைக்குப் போகும்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிரிக்காத பெட்டிகளுக்குத் தனி மவுசு. அவற்றைப் பரிசோதித்து, பரீட்சைத் தாள் மாதிரி மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தரவே கம்பெனிகள் தோன்றின. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: விளையாட முடியாத விளையாட்டு, விளையாட்டா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2021 ஜூலையிலேயே 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' என்ற பழைய கேம், பிரிக்காத பெட்டியோடு 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 1987-ல் அமெரிக்காவில் வந்த கேம் அது. அந்தக் கேசட்டுக்குள், நாம் விளையாடி நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பேட்டரி என்றால் என்றைக்காவது தீரத்தானே செய்யும்? பிரித்த கேசட் என்றால் விவரம் தெரிந்தவர்கள் திறந்து, பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் பற்றவைத்து விடுவார்கள். மறுபடி ஜம்மென்று ஓடும். பிரிக்காத பெட்டியில்? கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேசட்டுக்குள் பேட்டரி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். கை வைக்க முடியாது!

பழைய கேம்களைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்னால் அங்கே வெளியான கேம்களில் 100-க்கு 87 இப்போது கடையில் விற்பனைக்கே இல்லையாம். அதே 2023-ல் நின்டெண்டோ தன் பழைய கருவிகளான '3டிஎஸ்', 'வீ யூ' ஆகியவற்றின் இன்டர்நெட் கடைகளை மூடிவிட்டது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லை. கேசட்டைத் தேடி வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, விளையாடி, நாலு பேருக்குச் சொன்னார்களே, அவர்களால்தான் இன்றைக்குப் பல கேம்கள் நமக்குத் தெரிகின்றன.

சரி, நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உங்கள் சித்தப்பாவையோ மாமாவையோ கேளுங்கள். 1990-களில் நம் ஊரில் 'டி.வி. கேம்' என்று விற்றார்களே... மரியோ, 'கான்ட்ரா' எல்லாம் விளையாடினார்களே... அவற்றில் பெரும்பாலானவை, 1983-ல் ஜப்பானில் வந்த 'ஃபாமிகாம்' கருவியைப் பார்த்துக் காப்பியடித்துச் செய்தவை. 'ஒரே கேசட்டில் 9999 கேம்' என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் அதே பத்து இருபது கேம் திரும்பத் திரும்ப வரும்! கேம் ஓடவில்லையா? கேசட்டை வெளியே எடுத்து 'ஃபூ... ஃபூ...' என்று ஊதிப் போடுவார்கள். (எச்சில் ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் பின்கள் கெடும், மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.)

இன்னொரு ஒற்றுமை. ஆங்கிலத்தில் அதை 'கார்ட்ரிட்ஜ்' என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்றார்கள். ஜப்பான் பிள்ளைகளும் அப்படித்தான், 'கஸெட்டோ' என்று!

அந்த ஜப்பான் பிள்ளைகள் கேசட்டை நண்பர்களுக்கு இரவல் கொடுப்பார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று அதன் பின்பக்கத்தில் பட்டையான பேனாவால் தங்கள் பெயரை எழுதி வைப்பார்கள். பெயர் எழுதிய கேசட்டுக்குப் பழைய கடையில் விலை குறைவு. ஆனால் ஜப்பானில் ஒருவர், பெயர் எழுதிய கேசட்டாகப் பார்த்துப் பார்த்து வாங்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் படம் பிடித்து இன்டர்நெட்டில் ஒரு கண்காட்சி போல வைத்தார். எதற்கு? 'அட, இது என் கேசட்!' என்று சொந்தக்காரர் வந்தால் திருப்பிக் கொடுக்கத்தான்!

லீவில் தாத்தா வீட்டுக்குப் போனால் பரணில் தேடிப் பாருங்கள். பழைய கேசட் ஏதாவது கிடைத்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பாருங்கள், யார் பெயராவது எழுதியிருக்கிறதா என்று.