மோயாற்றுப் பள்ளத்தாக்கு: நிலத்துக்கு ஈடு நிலமே

நீலகிரி மாவட்டம் தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகரிலிருந்து காட்டு வழி சுமார் 25 கிலோமீட்டர். மோயாற்றங்கரை வரை பஸ் போகிறது. எனினும் அந்த வழியை ஒரு பகல் நடந்து பார்த்தால்தான் அங்கே நடக்கும் விவசாயத்தின் அருமை விளங்கும்.

வழி நெடுக உடையும் வேலமுமாக வறண்ட முட்காடு. வெளிமான் மேயும், ஆற்றோர நீர்மருதுகளில் பாறு கழுகு கூடு கட்டும். யானை நடமாட்டம் உண்டாதலால் பொழுது சாயுமுன் கரை சேர வேண்டும். பரிசலில் ஏறி அக்கரை சேர்ந்தால் நெல், மஞ்சள், வாழை, மிளகாய் என்று பசுமை. உணவுப் பஞ்சம் நிலவிய 1948-ல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து, அரசு குத்தகைக்குக் கொடுத்த காட்டு நிலத்தைத் திருத்தி உண்டாக்கிய விளைநிலம் இது. ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசல் நிற்கும். அன்று விளைபொருளும் நிற்கும், நோயாளியும் நிற்பார்.

இப்பகுதி புலிகளின் வாழிடம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், 495 குடும்பங்களை இடம் மாற்ற 74.25 கோடி ரூபாய் வழங்கும்படி தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பது கணக்கு.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. வெளியேற விரும்புவோரைத் தடுப்பதும் முறையல்ல. ஆனால் ரொக்கம் வீடாகும், கடன் அடைக்கும், விளைநிலமாவது அரிது. குத்தகை நிலமாதலால் உழுதவர் கையில் விற்கப் பட்டாவும் இல்லை.

ஆணையத்தின் திட்டத்தில் மற்றொரு வழியும் உண்டு. ரொக்கத்துக்குப் பதிலாக 2 ஹெக்டேர் விவசாய நிலமும் வீடும் தந்து வனத்துறையே குடியமர்த்தலாம். அதில் நிலத்துக்கான பங்கு 35 சதவீதம். 15 லட்சத்தில் இது 5.25 லட்சம் ரூபாய். 2 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 5 ஏக்கர். அப்படியானால் ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பவானி வாய்க்கால் பாசனத்தில் இந்த விலைக்கு யார் நிலம் தருவார்?

ஆகவே பற்றாக்குறையை மாநில அரசு ஏற்க வேண்டும். தண்ணீர் வசதியுள்ள அரசு நிலத்தைத் தேர்ந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா தர வேண்டும். சொந்தப் பங்கு இல்லாத கூலிக் குடும்பங்களையும் விட்டுவிடக் கூடாது. நிலத்தைக் காட்டிய பிறகே ஊரைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். அதுவரை பரிசல் துறையைப் பாதுகாப்பாக வைத்திருப்பதும் அரசின் கடமை.