ஒலிபெருக்கியும் ஊர்க் கடமையும்

விழா மலர்களிற் பழம்பெருமை பேசுதல் மரபு. வாழ்த்துரைகளுக்கிடையே குறையொன்றை எடுத்துரைக்கவும் இடந்தந்த மலர்க் குழுவினருக்கு நன்றி கூறி, ஊரின் அமைதி பற்றி எமது கருத்தைச் சுருக்கமாக முன்வைக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தரப் பரீட்சைக் காலத்தில், அயலிலுள்ள கோவிலொன்றிலே திருவிழா நடைபெற்றது. நள்ளிரவு கடந்தும் ஒலிபெருக்கிக் குழாய்கள் ஓயவில்லை. மறுநாட் காலை பரீட்சைக்குச் செல்லவிருந்த மாணவனொருவனின் தந்தையார் எம்மிடம் வந்து, “மாஸ்டர், நீங்கள் சொன்னாற் கேட்பார்கள், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்” என்றார். நாமோ விழாக் குழுவில் ஓர் உறுப்பினர். அனுமதி வேண்டிய விண்ணப்பத்தில் எமது கையொப்பமும் இருந்தது. “நாளைக்குப் பேசுவோம்” என்று அவரை அனுப்பிவிட்டோம். அம்மாணவனுக்கு வேண்டியிருந்ததோ அன்றைய இரவின் உறக்கம். அவன் பெற்ற பெறுபேற்றுக்கு அவ்விரவே காரணமென்று கூறத் துணியோம். ஆயினும் எமது மௌனம் தவறென்பதில் எமக்கு ஐயமில்லை.

இவ்விடயத்திற் சட்டம் இல்லையென்பார் உளர். அது பொருந்தாது. ஒலிபெருக்கி பயன்படுத்துவதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெறல் வேண்டும். வழிபாட்டிடமொன்றின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கிலே, 2007ஆம் ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் தெளிவான கட்டளை பிறப்பித்தது. இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை அனுமதி வழங்கலாகாது. விசேட சமய விழாக்களுக்கு வழங்குவதாயின், அயலில் வசிப்போரின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்து, காலவரையறையும் குறித்து, நீதவானுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். ஏனைய வேளைகளிலும் ஒலி அவ்வளாகத்தைத் தாண்டலாகாது. இக்கட்டளை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது.

1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று அளவு வகுத்துள்ளன. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். பாடசாலை, வைத்தியசாலை முதலியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையுள்ள இடம் அமைதி வலயமாகும். ஆதலின் எமது வகுப்பறையின் அமைதியும் சட்டம் தந்த உரிமையே.

இவற்றுள் எம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது, அயலாரைக் கேட்க வேண்டும் என்னும் விதி. நீதிமன்றம் சொல்லித்தானா அயல்வீட்டாரை நாம் கேட்க வேண்டும்? கொடியேற்றத்துக்கு நாள் வைத்ததும் வீடு வீடாகச் சென்று நிதி சேர்க்கின்றோம். அதே படலையிலே நின்று, “வீட்டிற் பரீட்சை எழுதும் பிள்ளை உண்டா? நோயாளர் உண்டா? கைக்குழந்தை உண்டா?” என்று வினவுதல் அரிதன்று.

“பூசையை நிறுத்தச் சொல்கிறீரா?” என்று சிலர் சினக்கலாம். மணியோசையையும் நாதசுரத்தையும் எவரும் வெறுத்ததில்லை. அவை பூசைக்கு உரியவை, பூசையோடு அடங்குபவை. பூசை முடிந்து நடை சாத்திய பின்னரும் சந்திக்குச் சந்தி முழங்கும் திரையிசைப் பாடலுக்கு எந்த ஆகமத்தில் விதியுண்டு? தென்முகக் கடவுளாகிய தட்சிணாமூர்த்தி முனிவர் நால்வர்க்கு மௌனத்தாலேயே உபதேசித்தார் என்று வகுப்பிலே கற்பிக்கின்றோம். அவர் சந்நிதியிலேயே அதனை மறத்தல் தகுமா?

எமது பழைய மாணவர் பலர் இன்று ஆலய பரிபாலன சபைகளிலும் சனசமூக நிலையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பொறுப்பு வகிக்கின்றனர். அவர்களிடம் மூன்றினை வேண்டுகின்றோம். விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் அயல்வீடுகளைக் கேளுங்கள். குழாய்களைத் தெருவெங்கும் கட்டாது வளாகத்தின் உள்ளே திருப்புங்கள். பரீட்சைக் காலத்தில் மாலை வழிபாட்டோடு ஒலிபெருக்கியை நிறுத்துங்கள்.

பொலிசார் வந்து நிறுத்துவதிலும் நாமே நிறுத்துவது ஊருக்கு அழகு. அன்று எம்மிடம் வந்த தந்தையாருக்குக் கூறத் தவறிய விடையை, காலங்கடந்தேனும் இம்மலரிலே கூறினோம். அடுத்த திருவிழாவில் அதனைச் செயலிலும் காட்டுவோம்.