ஜி.சி.க்கு முந்தைய இரண்டு மீட்டர்

சுத்திகரிப்பு ஆலைக்குப் புதிதாக ஒரு பிராசஸ் ஜி.சி. வாங்குவதென்றால், டெண்டர் ஆவணத்தில் டிடெக்டருக்கும் ஓவனுக்கும் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கும். ரிப்பீட்டபிலிட்டி எவ்வளவு, சைக்கிள் டைம் எவ்வளவு, டி.சி.எஸ்.ஸுடன் எந்த வழியில் பேசும் என்று எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். டேப்பிலிருந்து அனலைசர் ஷெல்டர் வரை மாதிரி எப்படி வந்து சேரும் என்பதற்கு மட்டும் ஒரே வரி: விற்பனையாளரின் வழக்கமான வடிவமைப்புப்படி. நம் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த வரியில்தான் பிறக்கின்றன. இது இத்துறையில் கை அழுக்கான எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் திட்டக் கூட்டங்களில் இதற்குப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

டீபியூட்டனைசரை எடுத்துக்கொள்வோம். மேலே எல்.பி.ஜி., அடியில் ஸ்டெபிலைஸ் ஆன நாப்தா. சமையல் எரிவாயுவாகப் போகும் பியூட்டேன்–புரொப்பேன் கலவையில் 95 சதவீதம் ஆவியாகும் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 4576. நார்மல் பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. ஐசோபென்டேனுக்கு 28 டிகிரி, நார்மல் பென்டேனுக்கு 36. ஆகவே சி5 கொஞ்சம் மேலே ஏறினாலும் சரக்கு தரம் தவறிவிடும். பேனல் ஆபரேட்டர் இதற்குப் பயந்து ரிஃப்ளக்ஸைக் கூட்டியே வைத்திருப்பார். ரீபாய்லரில் நீராவி கூடுதலாகச் செலவாகும், எல்.பி.ஜி.யாக விற்றிருக்க வேண்டிய பியூட்டேன் நாப்தாவோடு அடியில் இறங்கி, அதன் ஆவியழுத்தத்தைக் கெடுக்கும். ஓவர்ஹெட்டில் சி5 எவ்வளவு என்று நம்பகமாகச் சொல்ல ஒரு கருவி இருந்தால் இவ்வளவு பயம் தேவைப்படாது. அதற்காகத்தான் அங்கே ஜி.சி.

கருவியின் உள்ளே நடப்பதைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. ஏ.டி. ஜேம்ஸும் ஏ.ஜே.பி. மார்ட்டினும் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்க வாயு–திரவ வண்ணப்பிரிகையைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரை வந்தது 1952இல். சில ஆண்டுகளிலேயே பெட்ரோலியத் துறை அந்த உத்தியை ஆய்வகத்திலிருந்து ஆலைக்குள் கொண்டுவந்துவிட்டது. பேக்ஃப்ளஷ் செய்து சி5க்கு மேற்பட்டவற்றை ஒரே பீக்காகத் திரட்டி எடுப்பதும், பிரிகுழாய்களை வால்வால் மாற்றி மாற்றி இணைத்து நேரத்தைக் குறைப்பதும் இன்று நன்கு பழகிவிட்ட வேலை. ஊசி போட்ட மாதிரியை ஜி.சி. சரியாகவே அளக்கும். அந்த மாதிரி கோபுரத்தில் இப்போது இருப்பதுதானா என்பதுதான் கேள்வி.

இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ரிஃப்ளக்ஸ் பம்ப்பின் டிஸ்சார்ஜில் டேப் இருக்கிறது. கால் அங்குலக் குழாய், சுவர்த் தடிமன் 0.035 அங்குலம், மீட்டருக்குச் சுமார் 16 மில்லிலிட்டர் கொள்ளும். வேப்பரைசர் டேப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் இடையில் 32 மி.லி. திரவம். எல்.பி.ஜி. ஆவியானால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். அந்த 32 மி.லி. எட்டு லிட்டர் வாயு. ஷெல்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஓடினால், இந்த இரண்டு மீட்டரைக் காலி செய்யவே எட்டு நிமிடம். வேப்பரைசருக்குப் பின் 50 மீட்டர் வாயுக் குழாய் இருக்கிறதே, அது? ஒரு பார் கேஜ் அழுத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் காலியாகிவிடும்! வரைபடத்தில் நீளமாகத் தெரிகிற 50 மீட்டரைப் பார்த்து எல்லோரும் கவலைப்படுகிறார்கள். டேப்பின் காலடியில் கிடக்கும் இரண்டு மீட்டரை யாரும் பார்ப்பதில்லை.

இன்னும் மோசமானதும் உண்டு. டேப்பின் ஐசொலேஷன் வால்வை ஒட்டி முக்கால் அங்குல நிப்பிள் 30 செ.மீ. இருந்தால் அதற்குள் சுமார் 80 மி.லி. திரவம் நிற்கும். அதே ஓட்டத்தில் அது 20 நிமிடம். இதுவும் பழைய மாதிரி அப்படியே முன்னால் தள்ளப்பட்டு வெளியேறுகிறது என்ற நல்லெண்ணக் கணக்குதான். உண்மையில் பழையதும் புதியதும் கலந்துகொண்டே வரும், முழுதும் மாற இன்னும் நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடச் சைக்கிளை நான்காகக் குறைக்கும் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். இங்கே இருபது நிமிடத்தை ஒரு நிப்பிளுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறோம்.

மருந்து ஒன்றும் புதிதல்ல. பம்ப் டிஸ்சார்ஜிலிருந்து எடுத்து சக்ஷனுக்கே திருப்பிவிடும் ஃபாஸ்ட் லூப்பில் திரவம் வேகமாகச் சுற்றட்டும். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில், உட்கொள்ளளவு மிகக் குறைந்த வேப்பரைசர் இருக்கட்டும். குழாயின் நடுவே நீளும் புரோப் இருந்தால் நிப்பிளில் தேங்குவதும் போய்விடும். வாயு ஸ்ட்ரீம் என்றால் டேப்பிலேயே அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். குறைக்கும்போது குளிர்ந்து துளி கட்டாதபடி சூடும் கொடுக்க வேண்டும். செலவு ஜி.சி.யின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். குழாய் வரைபடம் முடிவாகும் முன் அனலைசர் ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தாமதமாவது பரவாயில்லை, மாதிரி நின்றே போவதும் நடக்கிறது. ஃபில்டர் அடைத்து ரோட்டாமீட்டரின் குண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். ஜி.சி. சைக்கிள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டே இருக்கும். சாம்பிள் லூப்பில் தேங்கிய பழைய வாயுவையே திரும்பத் திரும்ப அளக்கும். கன்ட்ரோல் ரூம் திரையில் சி5 கோடு கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக ஓடும். ஷிப்டில் இருப்பவருக்கு நிம்மதி: கோபுரம் இன்று அமைதியாக இருக்கிறது! உண்மையான கோபுரத்தின் கோடு ஒருநாளும் அப்படி நேராக இராது. அந்த நேர்க்கோட்டை நம்பி அட்வான்ஸ்டு கன்ட்ரோல் ரிஃப்ளக்ஸைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குறை ஓட்ட சுவிட்ச் ஒன்றை மாதிரி வழியில் வைத்து, அது அடித்தால் அளவீட்டை டி.சி.எஸ். செல்லாததாகக் குறிக்கும்படி செய்யலாம். இதைச் செய்யாத ஷெல்டர்கள் இன்னும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்து ஆய்வகத்தோடு வரும் சண்டை. ஜி.சி. ஒன்று சொல்கிறது, லேப் வேறு சொல்கிறது. உடனே லேப் எண்ணுக்கு ஒத்துவரும்படி ரெஸ்பான்ஸ் ஃபேக்டரைத் திருத்திவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. இது தவறு என்று அழுத்திச் சொல்கிறேன். எல்.பி.ஜி. மாதிரி எடுக்கும் சிலிண்டரை முழுக்க நிரப்பக்கூடாது. 20 சதவீதம் காலியிடம் விட வேண்டும். அதற்காகத் திரவத்துக்குப் பதில் ஆவியை வெளியேற்றினால் லேசானவை முதலில் போய்விடும், மிஞ்சியதில் சி5 கூடியிருக்கும். நேற்றைய மாதிரியின் மிச்சத்தை வெளியேற்றாமல் நிரப்பியிருந்தாலும் எண் மாறும். இரண்டில் எது சரி என்று தெரியாமல் ஒன்றை மற்றொன்றுக்கு வளைத்தால், அடுத்த வாரம் திரும்ப வளைக்க வேண்டியதுதான். ஏ.எஸ்.டி.எம். டி6299 சொல்லும் கன்ட்ரோல் சார்ட் இதற்காகவே இருக்கிறது. வேறுபாடு வழக்கமான சிதறலுக்குள் இருக்கும்வரை ஃபேக்டரில் கை வைக்காதீர்கள். சார்ட் எல்லை தாண்டினால் முதலில் மாதிரி வழியைப் பாருங்கள், பிறகு கலிபரேஷன் சிலிண்டரைப் பாருங்கள். வட இந்தியக் குளிர்கால இரவில் வெளியே நிற்கும் சிலிண்டரில் பென்டேன் உள்ளேயே திரவமாகிவிடலாம். அப்படியானால் சான்றிதழில் ஒரு கலவை, குழாயில் வருவது வேறொரு கலவை.

லேசர், ராமன், அகச்சிவப்பு முறைகள் வந்துவிட்டன, ஜி.சி.க்கு இனி வேலை இல்லை என்ற பேச்சும் கேட்கிறது. ஓரிரு கூறுகளை நொடிகளில் அளக்க அவை நல்லவை, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் ஐசோ, நார்மல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டிய இடங்கள் ஆலையில் நிறைய. புரொப்பிலீனும் புரொப்பேனும் கொதிநிலையில் ஐந்தரை டிகிரிதான் வேறுபடுகின்றன. அவற்றைப் பிரிக்கும் கோபுரத்தில் தட்டு வெப்பநிலையை வைத்துத் தூய்மையை ஊகிக்க முடியாது. எந்தக் கருவியை வைத்தாலும் மாதிரியை வெளியே எடுத்து அளப்பதென்றால் மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்.

ஷெல்டரில் உள்ள ஒவ்வொரு ஜி.சி.க்கும் மாதிரித் தாமதத்தைக் கண்டுபிடித்து, டேக் பிளேட்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். வாயு ஸ்ட்ரீம் என்றால் ஸ்பேன் வாயுவை அனலைசரின் வாசலில் விட்டால் போதாது. டேப்பின் ஐசொலேஷன் வால்வுக்கு அடுத்துள்ள இடத்திலிருந்து விட்டு, எண் மாற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். திரவ ஸ்ட்ரீம் என்றால் வேப்பரைசர் வரையுள்ள கொள்ளளவை ஃபிட்டிங் ஃபிட்டிங்காக அளந்து ஓட்டத்தால் வகுங்கள். கிடைத்ததோடு சைக்கிள் நேரத்தைக் கூட்டினால் திரையில் வந்து விழும் எண்ணின் வயது தெரியும். அதை அட்வான்ஸ்டு கன்ட்ரோல் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்; அவருடைய மாடலில் இருக்கும் டெட் டைம் பல இடங்களில் யாரோ எப்போதோ ஊகித்துப் போட்டது.

நிப்பிளை மாற்றுவதும் புரோப் செருகுவதும் ஷட்டவுனில்தான் முடியும். ஷட்டவுன் வேலைப் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். உங்கள் டேப்புகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் அளக்கும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.