தாய் கொடுத்த காது

பெற்ற தாயைவிட நெருங்கிய சொந்தம் உண்டா? இல்லை என்போம். நம் உடம்பு அப்படிச் சொல்வதில்லை!

சில குழந்தைகள் காது மடல் இல்லாமலே பிறக்கின்றன. இங்கிலாந்தில் ஹரால்டு கில்லீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குப் புது முகம் கொடுத்தவர். அவர் இந்தக் குழந்தைகளுக்கும் காது செய்தார். காது மடலை நிமிர்த்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு. தாயின் காதிலிருந்து அதை எடுத்துக் குழந்தைக்கு வைத்தார். இது பற்றி 1937-ல் எழுதினார்.

முதலில் காது நன்றாகத்தான் இருந்தது. நாளாக ஆக உள்ளே வைத்தது கரைந்தது. மடல் சுருங்கியது. பாவம், அந்தத் தாய்மார்கள்!

ஏன் இப்படி? நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் காவல்காரர்கள். நோய்க் கிருமி நுழைந்தால் தாக்குவார்கள். அயலார் சதை வந்தாலும் தாக்குவார்கள். தாய் என்றும் பார்ப்பதில்லை, உடன்பிறந்தவர் என்றும் பார்ப்பதில்லை. 1943-ல் மெடவார் என்ற விஞ்ஞானியும் கிப்சன் என்ற டாக்டரும் இதைக் கண்டார்கள். தீயில் வெந்த ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனின் தோலை வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. மறுமுறை வைத்த தோல் இன்னும் சீக்கிரம் அழிந்தது. காவல்காரர்கள் ஆளை நினைவு வைத்திருந்தார்கள்! மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் காவல்காரர்கள் எளிதில் உள்ளே போக முடியாது. தோலைப் போல் உடனே அழியாமல் மெல்ல மெல்லக் கரைகிறது. வெற்றி என்று டாக்டர்களே ஏமாந்தது இதனால்தான்.

குழந்தையின் சொந்த விலாவிலிருந்து எடுத்தால் இந்தச் சண்டை இல்லை. 1959-ல் டான்சர் என்ற அமெரிக்க டாக்டர் இந்த வழியை நன்றாக வகுத்துக் காட்டினார். ஆனால் நெஞ்சைக் கீற வேண்டும். வலி உண்டு. விலா வளர வேண்டும் என்பதால் 6 வயது முதல் 10 வயது வரை காத்திருக்கவும் வேண்டும். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். "என் காதை எடுத்து வையுங்கள், டாக்டர்" என்று தாய் கேட்பது நியாயமே. ஆனாலும் காத்திருப்பதே மேல் என்போம்.

ஒரு காது நன்றாக இருந்தால் அதைப் பார்த்து அச்சு எடுத்து, விலாக் குருத்தெலும்பைச் செதுக்குகிறார்கள். இரண்டு காதும் இல்லாத குழந்தைக்கு, பெற்றவர்களின் காதைப் பார்த்து அச்சு எடுப்பதும் உண்டு.