கம்ப்ரசருக்கு ராசியாம்!

இரண்டு கோடையில் மூன்று கம்ப்ரசர். மூன்று பில்லும் பென்ஷனில் போனவை. கேட்டால், "உங்க வண்டிக்கு ராசியில்லை சார்" என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். ராசியாம்!

காரில் கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. எங்கோ கசிந்து கேஸ் குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பாது. உலோகத்தோடு உலோகம் உரசும். தேய்ந்த தூள் போய்க் கண்டென்சரில் உட்காரும். இப்போதைய கண்டென்சர்களில் துவாரங்கள் மிகச் சிறியவை. எவ்வளவு கழுவினாலும் தூள் முழுதாக வராது. அதை அப்படியே விட்டுப் புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டினால், பழையது கக்கிய தூளையே புதியதும் தின்னும். இதில் ராசி எங்கே வந்தது?

"வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்பது இன்னொரு புளுகு. கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷமா போடுகிறோம்? காரில் ரப்பர் ஹோஸ், சீல் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே கோடையில் தீர்ந்தால் அது ஓட்டைதான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலைக்கு யாருக்கும் பொறுமையில்லை. சிலிண்டரைத் திறந்தால் உடனே காசு.

அடுத்த முறை கழற்றிய கம்ப்ரசரைக் கேட்டு வாங்கி, குழாய் மாட்டும் வாயில் விரலால் துடைத்துப் பாருங்கள். மினுமினுப்பாகத் தூள் ஒட்டினால், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் இல்லாத எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.