விலை தெரியாத வைத்தியம்

கத்தரிக்காய் வாங்குகிறவர்கூட நாலு கடை விசாரித்த பிறகே பையை நீட்டுகிறார். இருதய சிகிச்சைக்குப் போகிறவரோ ஒரு வார்த்தை கேளாமல் கையெழுத்திடுகிறார். உயிர் ஊசலாடும்போது பேரம் பேச யாருக்கு மனம் வரும்? மேலும், சாமானைத் தேர்ந்தெடுப்பவர் வைத்தியர். பணம் கொடுப்பவர் நோயாளி. விற்கிறவருக்கு இதைவிடச் சௌகரியமான வியாபாரம் உண்டா?

இதன் பலனை 'ஸ்டென்ட்' விஷயத்தில் கண்டோம். அடைபட்ட இரத்தக் குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய் அது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு நோயாளிகள் லட்சம் ரூபாய்க்கு மேலும் கொடுத்து வந்தார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், வரி நீங்கலாக, அதற்கு 29,600 ரூபாயும், மருந்து பூசாததற்கு 7,260 ரூபாயும் உச்ச விலையாக விதித்தது. அதன் விலையையும் தயாரித்த கம்பெனியின் பெயரையும் பில்லில் தனியே காட்டவும் உத்தரவிட்டது.

ஆனால் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரிதான். அறை வாடகை, பரிசோதனை, வைத்தியர் கட்டணம் ஆகிய மற்ற வரிகள்? கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டுமென்று 2012-ம் வருஷத்து மத்திய விதிகள் சொல்லுகின்றன. அவற்றுக்கு ஆதாரமான 2010-ம் வருஷத்துச் சட்டத்தை எல்லா ராஜ்யங்களும் ஏற்கவில்லை.

மாரடைப்பு வந்தவரால் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அவரைக் காக்க விலை வரம்புதான் வழி. அவகாசமுள்ள சிகிச்சைக்கோ முன்கூட்டியே செலவுக் கணக்கை எழுத்தில் கேட்கலாம். அது வைத்தியருக்கு அவமரியாதை அல்ல. நாம் கேட்கக் கூசும் வரையில், விலைப் பலகையை மாட்ட யாரும் அவசரப்படப் போவதில்லை.